எழுதிச் சாப்பிட்டவர்கள்

மற்ற தொழில்களில் பொய் நடுவில் எங்கேயாவது வந்து சேரும்; டயட்டீஷியன் தொழில் பொய்யில்தான் ஆரம்பிக்கிறது. அடையாறில் ஒரு சின்ன கிளினிக்கில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, “ரெண்டு வாரம், என்ன சாப்பிட்டாலும் இதுல எழுதிட்டு வாங்க” என்று அனுப்புவேன். அதைப் படித்துப் பார்த்துத்தான் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று சொல்ல வேண்டும். சாதாரண ஜனங்கள் “இட்லி 3, சாம்பார்” என்று எழுதுவார்கள். மூன்று என்றால் ஐந்து என்று நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் அது தெரியும், அதனால் சண்டை வராது.

என் உயிரை வாங்குவது படிக்கிற பழக்கம் உள்ளவர்கள்தான். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருக்கிறார். அவர் கையில் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஊறுகாய் பாட்டிலை மேலே வைக்கிற ஆள்தானே நீங்களும்? நானும் அதே ரகம்தான். அதனால்தான் இப்படி மோசம் போனேன்.

கதைக்கு வேண்டாதது

மயிலாப்பூர் மாமி ஒருத்தர். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று டாக்டர் அனுப்பியிருந்தார். மாமி நோட்டை நிரப்பிவிட்டு, போதாமல் நான்கு தாள் தனியாகப் பின் பண்ணிக் கொண்டுவந்தார். முதல் மூன்று பக்கமும் காலைக் காபி. டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிற சத்தம், பால் பொங்கி வருகிற நேரம், டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது மனசுக்குள் ஏற்படும் அமைதி. படித்து முடித்ததும் எனக்கே ஒரு காபி வேண்டியிருந்தது. எல்லாம் இருந்தது, சர்க்கரை மட்டும் எங்கேயும் இல்லை.

“சர்க்கரை போடாமலா குடிக்கறீங்க மாமி?” என்று ஆச்சரியமாகக் கேட்டேன். “போடாம எப்படிக் குடிக்கறதாம்? ஒண்ணரை ஸ்பூன். நாளைக்கு நாலு தடவை” என்றார். அதை ஏன் எழுதவில்லை என்றேன். மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கதைக்கு வேண்டாததெல்லாம் எழுதிண்டிருந்தா படிக்கறவாளுக்கு அலுத்துப் போயிடாதோ?”

படிக்கக் கூடாதவை

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அந்த விஷயத்தில் சத்தியவான். ஒரு வரி பொய் எழுத மாட்டார். “மத்தியானம் கோதுமைக் கஞ்சி ஒரு டம்ளர். படுத்துக்கொண்டு மட்டன் சுக்கா படித்தேன். எழுந்து போய் முட்டை நாலு பொரித்துச் சாப்பிட்டேன்” என்று தெளிவாக எழுதியிருந்தார். மறுநாள் கஞ்சி, அயிரை மீன் குழம்பு படிப்பு, அப்புறம் ஃபிரிட்ஜில் இருந்த முந்தின நாள் கறி. ஈரல் வீங்கிப் போயிருக்கிற மனிதர்.

கூட வந்திருந்த அவர் மனைவி குமுறிவிட்டார். “இவுக படிக்கது பூராம் சமையல் புத்தகம்தான் மேடம். நான் கண்ண மூடி அஞ்சு நிமிசம் ஆகாது, அடுக்களையில பாத்திரம் உருளுத சத்தம் கேக்கும். நீங்க எழுதிக் குடுத்தாத்தான் கேப்பாக.” நானும் சார்ட்டில் ‘கூடாதவை’ என்ற தலைப்பின் கீழ் மைதா, வெண்ணெய், வறுத்த முந்திரி என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘சமையல் புத்தகம்’ என்றும் சேர்த்து அடிக்கோடு போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு சார்ட் எழுதியதில்லை. அண்ணாச்சி அதை நிதானமாகப் படித்தார். மைதாவுக்கு வருத்தப்படவில்லை, வெண்ணெய்க்கு வருத்தப்படவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் முகம் விழுந்துவிட்டது.

“சரி மேடம், எழுதிட்டிய. சைவச் சமையல் புத்தகமாவது வாரத்துக்கு ஒருநா படிச்சுக்கிடலாமா?”

112 முதல் 140 வரை

இது ஒரு கல்லூரி ஆசிரியை, நந்தனம் பக்கம். நோட்டைத் திறந்தால் “காலை: 112 முதல் 140 வரை. ஏதோ சட்னி” என்று இருந்தது. இரவுக்கு “141 முதல் முடிவு வரை. அழுதேன்” என்று எழுதியிருந்தார். எத்தனை தோசை என்று கேட்டால், அத்தியாயம் முடிகிற வரைக்கும் என்கிறார். அம்மா தட்டில் போட்டுக்கொண்டே இருப்பாராம், இவர் பார்க்காமலே பிட்டு வாயில் வைப்பாராம். ஒருநாள் சட்னிக்குப் பதில் ஈரத்துணியைத் தொட்டிருக்கிறார்.

படிக்காமல் சாப்பிடுங்கள் என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. எனக்கே முடியாததை அவருக்கு எப்படிச் சொல்வது? ஆகவே புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். சாப்பிடும்போது நாவல் வேண்டாம், சிறுகதை படியுங்கள், கதை முடிந்ததும் எழுந்து கை கழுவிவிடுங்கள் என்றேன். அவருக்கும் யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த மாதம் வந்தபோது இரண்டு கிலோ ஏறியிருந்தார்.

“சிறுகதைன்னா ஒண்ணோட நிறுத்த முடியலை மேடம்.”

வீட்டுக்கு வந்த நோட்டு

இவர்களையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஏகாம்பரம் சாரைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. மேற்கு மாம்பலத்துக்காரர், ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், வயது எழுபது. இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் மாற்று மூட்டு வைக்க வேண்டும். ஆனால் ஆள் நாற்பத்தொன்பது கிலோதான் இருந்தார். “ஐம்பத்து மூணு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சர்ஜன் என்னிடம் தள்ளிவிட்டார். எல்லாரும் எடையைக் குறைக்க வரும் இடத்துக்கு ஏற்றுவதற்கு வந்த ஒரே மனிதர். மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததால் மனைவி புனேவுக்குப் போயிருந்தார். இவர் இங்கே தனியாக இருந்தார். வீட்டில் இரண்டு அலமாரி நிறையச் சமையல் புத்தகம் இருக்கிறதென்றும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாவல் மாதிரி படிப்பதாகவும் சொன்னார்.

முதல் நோட்டில் பதினாலு நாளும் “பிரெட் 4, பால், வாழைப்பழம்” என்றே இருந்தது. பக்கங்களை வேகமாகத் திருப்பிவிட்டு, “இன்னும் கொஞ்சம் விவரமா எழுதணும் சார்” என்றேன். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். அடுத்த முறை இப்படி எழுதியிருந்தார்: “மதியம் வெந்தயக் குழம்பு. நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்கிற அந்த ஒரு நிமிஷம் வாசலில் யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. கறுத்தால் குழம்பு கசந்துவிடும். சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டேன். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுத்திருந்தேன். சோற்றில் குழி செய்து ஊற்றினால் ஓடாமல் நின்றது. சுட்ட அப்பளம் இரண்டு.”

அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அதை நான் இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு நோட்டை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பில் கத்தரிக்காய்க் கூட்டை வைத்துவிட்டு, நின்றபடியே ஏகாம்பரம் சாரின் மிளகுக் குழம்பு, பருப்புத் துவையல், மோர்க்களி என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டு அடிப்பிடித்துப் புகை வந்து, என் கணவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

“ஊரான் சாப்பிட்டதைப் படிச்சுப் படிச்சு வீட்டுல இருக்கறவனைப் பட்டினி போடாதே.”

பெல்ட்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்டோவில் வருவார். நோட்டை இரண்டு கையாலும் கொடுப்பார். நான் படிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நெய் ஊற்றிய பொங்கல், தேங்காய்ப்பால் விட்ட சொதி, உருளைக்கிழங்கு போண்டா. எடை ஏற்ற நான் என்னென்ன சொல்ல நினைப்பேனோ அத்தனையும் எனக்கு முன்னாலேயே அவர் சமைத்துச் சாப்பிட்டிருந்தார். என் சர்வீஸில் இப்படி ஒரு பேஷன்ட் வாய்த்ததில்லை என்று பூரித்துப் போனேன். எடை மட்டும் நாற்பத்தெட்டு ஆயிற்று. பிறகு நாற்பத்தாறரை. பிறகு நாற்பத்தைந்து.

“சரியாச் சாப்பிடறாரா?” என்று சர்ஜன் கேட்டார். “பிரமாதமாச் சாப்பிடறார் டாக்டர், என்கிட்ட எழுத்துல இருக்கு” என்று அடித்துச் சொன்னேன். நன்றாகச் சாப்பிடுகிறவர் இளைத்தால் டாக்டர்கள் என்ன நினைப்பார்கள்? ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாயை இறக்கி வயிற்றுக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். கட்டியும் இல்லை, புண்ணும் இல்லை. குழாய் இறக்கின அன்று கரகரத்த குரலோடு என் அறைக்கு வந்து, அந்தத் தடவை நோட்டை நீட்டினார். அதில் பால் பாயசம் வைத்திருந்தார். நானும் ரசித்துப் படித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் போன பிறகு நர்ஸ் ஜரீனா உள்ளே வந்தாள். ராயப்பேட்டைப் பெண், எங்கள் கிளினிக்கில் எடை பார்ப்பது அவள் வேலை. நோட்டையெல்லாம் அவள் படிப்பதில்லை, நான் ரசித்துச் சொல்லக் கேட்பதோடு சரி; ஆளைத்தான் பார்ப்பாள்.

“இன்னா மேடம், இம்மாம் நெய் துன்ற மனுசன் ஒவ்வொரு தபாவும் பெல்ட்டுல புச்சா ஓட்டை போட்டுகினு வர்றாரு?”

ஞாயிற்றுக்கிழமை

ஜரீனாவை அன்றைக்குக் கண்டித்து அனுப்பினேன். அடுத்த முறை ஏகாம்பரம் சார் வரவேயில்லை. அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட் என்னிடமே இருந்தது. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்துக்குப் போனேன். உங்களிடம் மறைப்பானேன்? ரிப்போர்ட்டைப் போனிலேயே அனுப்பியிருக்கலாம். பதினொன்றரை மணிக்கு, வெறும் வயிற்றோடு, அந்த வெந்தயக் குழம்பை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். மேஜையில் ஒரு சமையல் புத்தகம் விரிந்து கிடந்தது. பக்கத்துத் தட்டில் இரண்டு துண்டு பிரெட், வாழைப்பழத் தோல். பால்கனிக் கம்பியில் கயிறு கட்டின பை தொங்கியது. கீழே கடையிலிருந்து பிரெட்டும் பாலும் அதில்தான் மேலே வருமாம். நான் சமையலறைக்குள் போனேன். அடுப்பைத் துடைத்து, மேலே பழைய காலண்டர் தாளை விரித்து வைத்திருந்தார். கீழே காலி சிலிண்டர் மாட்டியிருந்தது. அதை ஒட்டி, மனைவி போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போன முழு சிலிண்டர், சீல்கூடப் பிரிக்காமல் நின்றது.

“குனிய முடியலை மேடம்” என்றார். மனைவி ஊருக்குப் போன முதல் மாதமே காஸ் தீர்ந்துவிட்டது. தரையோடு உட்கார்ந்து மாற்ற இடுப்பு வளையவில்லை. ஒரு சிலிண்டர் மாட்ட அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிடுவதா என்று கூச்சப்பட்டிருக்கிறார். மனைவியிடம் சொன்னால் அடுத்த ரயிலில் வந்து நிற்பார், அங்கே இரண்டு கைக்குழந்தை. ஆக, குனிவதற்கு ஆபரேஷன் வேண்டும். ஆபரேஷனுக்கு எடை வேண்டும். எடைக்குச் சோறு வேண்டும். சோறு வேண்டுமென்றால் குனிய வேண்டும். ஏழு மாதமாக அந்த மனிதர் இதற்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். நான் நோட்டைப் பார்த்துச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிலிண்டரை மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. டப்பாவில் இருந்த ரவையில் பூச்சி. கயிற்றுப் பையை இறக்கிப் புது ரவை வாங்கி உப்புமா கிளறினேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? வயித்துக்குள்ள குழாய் விட்டப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே” என்று கேட்டேன். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த ரவையை விரலால் வழித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பிரெட்டுன்னு உண்மையை எழுதினப்ப நீங்க படிக்காமத் திருப்பிட்டீங்க. குழம்பு எழுதினப்ப ரெண்டு தடவை படிச்சீங்க.”

எழுதறதுக்கு ஒண்ணும் இல்லை

சர்ஜனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. “பரவாயில்லை, சாப்பிட வையுங்க” என்றவர், புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்போது இன்னொரு பக்கத்து மூட்டும் தேய ஆரம்பித்துவிட்டதைக் காட்டினார். சீக்கிரம் எடை ஏறினால் ஒன்றோடு போகும், இல்லாவிட்டால் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஏழு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

தெருக்கோடி மெஸ்ஸில் சொல்லி மூன்று வேளையும் கேரியர் மாடிக்கு வர ஏற்பாடு செய்தேன். ஆள் சாப்பிடுவதை நின்று பார்த்துவிட்டு வரும்படி கேரியர் கொண்டுபோகும் அம்மாளிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். நாற்பத்தேழரை வந்திருக்கிறார். ஐம்பத்து மூன்றுக்கு இன்னும் எத்தனை மாதமோ. இரண்டு கையிலும் கோல் ஊன்றித்தான் வருகிறார். ஜரீனா அவரை மிஷினில் ஏற்றி, முள் நிற்கும்வரை தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் நோட்டைக் கொடுத்தார். “காலை: இட்லி 4. மதியம்: சாப்பாடு. இரவு: சப்பாத்தி 3.” பதினாலு நாளும் அதேதான். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அங்கேயாவது ஒரு குழம்பு இருக்காதா என்று தேடினேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“இப்ப சாப்பிடறேன் மேடம். எழுதறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை.”

பத்தொன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நன்றாக எழுதுகிறவர் யார் வந்தாலும் முதலில் எடை மிஷினில் ஏற்ற வேண்டும், நன்றாகப் படிக்கிறவள் யார் இருந்தாலும் அவளை இந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.